அரண்மனை விளக்கும் எங்கள் வீட்டு டிஎஸ்எல்ஆரும்

இன்று சாயங்காலம் மைசூர் அரண்மனையில் விளக்கு எரிந்ததும் கூட்டமே போனைத் தூக்கியது. என் கணவர் மட்டும் புது டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு ட்ரைபாடை விரித்தார்.

"சீக்கிரம் எடுங்க, அணைச்சிடுவாங்க."

"ஸ்வல்ப இரும்மா. இருபத்துநாலு மெகாபிக்சல்! ஐஎஸ்ஓவக் குறைச்சாதான் புள்ளி புள்ளியா வராது. போன்ல எடுக்கறதெல்லாம் ஒரு படமா?"

குறைத்தார், கூட்டினார், லென்ஸைத் திருகினார். அலுத்துப்போய் நான் போனில் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அவர் பட்டனை அழுத்தப்போகும்போது அரண்மனை இருண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "நீ எடுத்தத அனுப்பு" என்றார்.

இப்போது அது அவர் ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறது: "என் டிஎஸ்எல்ஆரின் முதல் படம். ஐஎஸ்ஓ நூறு."

கீழே என் மாமியாரின் கமெண்ட்: "போன்ல எடுத்தா இப்படி வருமா, கண்ணா!"

இதற்கு நான் லைக் போடலாமா? நீங்களே சொல்லுங்கள்.