எரிமலைக் கல்லுக்குள் ஒரு பச்சைக் கட்டி

உடுப்பிட்டியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஐசாக் முதலில் குனிந்து நிலத்தைத்தான் பார்ப்பார். முப்பது வருசமாக மொசைக் நிலம் போட்டு, அரைத்து, மினுக்குகிறவர். கல்லைப் பற்றி அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. முழங்காலில் நின்று தெரிந்துகொண்டதுதான்.

ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த மகள் ஷரோன் ஒரு கறுத்தக் கல் கொண்டுவந்தாள். அவள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில், அணைந்துபோன எரிமலைக் குன்றொன்றில் பொறுக்கியது. உடைந்த பக்கத்தில் தேசிக்காய் அளவில் பச்சைக் கட்டி ஒன்று மினுங்கியது.

மனைவி நவமணியின் தம்பி றோகான் விஞ்ஞான வாத்தியார். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அந்தக் கல்லைக் கேட்டு, அட்டையும் எழுதிக்கொண்டு வந்தார்: 'எரிமலைக் குழம்பு ஆறும்போது அதற்குள் விளைந்த பளிங்குகள்.'

ஐசாக் வாசித்தார். "விளையேல்லை, றோகான். உது எங்கையோ உடைஞ்சு வந்து அம்பிட்டது. மூலையைப் பார், கூராய்க் கிடக்கு."

"அத்தான், உது நீங்கள் சீமெந்துக்குள்ளை போடுற மொசைக் கல்லுச் சல்லி இல்லை."

"பிழையான அட்டையோடை என்ரை பிள்ளையின்ரை கல்லை அனுப்பமாட்டன்."

"அப்ப காட்டுங்கோவன்."

காட்டுவதென்றால் கட்டியின் ஓரம் தெளிவாகத் தெரிய ஒரு பக்கத்தை அரைக்க வேண்டும். பச்சைக் கட்டியோ நகம் பட்டாலே உதிர்ந்தது. பொடியாகிப் போனால் இன்னொன்றுக்கு எங்கே போவது? "அரையுங்கோ அப்பா" என்றாள் ஷரோன்.

ஐசாக் கல்லைக் கழுவினார். பிறகு கை தன்பாட்டில் சீமெந்துப் பால் கரைத்து, துளை வெடிப்பெல்லாம் பூசி அடைத்துவிட்டது. நிலம் மினுக்க முன்னம் அப்படித்தான் செய்வது.

றோகான் வந்து பார்த்தார். "எரிமலைக்குச் சீமெந்து பூசின முதல் ஆள் நீங்கள்தான் அத்தான்." நவமணி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. ஐசாக்கின் முகம் செத்துப்போனது.

நாலு நாள் காயவிட்டு அரைத்தார். ஒரு மணிகூட உதிரவில்லை. சீமெந்துப் பால் இறுக்கிப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது, பச்சை மணி, கடும்பச்சை மணி, தவிட்டுநிற மணி எல்லாம் நெருங்கிக் கிடந்தன. கட்டியின் ஓரத்தில் மணிகள் பாதியில் முறிந்திருந்தன. அதற்கப்பால் கறுப்பு, அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சின்ன மணிகள்.

"விளைஞ்சதெண்டால் முழுசாயெல்லோ இருக்கும்? உது முறிஞ்சு கிடக்கு."

றோகான் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "மிச்சப் பாதி?"

"கீழை கிடக்கும். குழம்பு ஏறி வரேக்கை வழியிலை இருந்த பாறையைப் பிச்சுக்கொண்டு வந்து, அது உருக முன்னம் வெளியிலை துப்பிப்போட்டுது."

"அப்ப கறுப்புக்குள்ளை தனிய நிக்கிற சின்ன மணியள்?"

"அது விளைஞ்சதாயிருக்கும். அதிலை உன்னோடை எனக்குச் சண்டையில்லை."

றோகான் சிரித்தபடி புது அட்டை எடுத்தார். "சொல்லுங்கோ, எழுதிறன்."

ஐசாக் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்து, நிமிர்ந்து இருந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இரண்டு தரம் திருத்தியும் எழுதுவித்தார்.