கொப்பித்தாளுக்குச் செய்த டிஃபோல்ற்

1

மின்சாரம் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் வேலை பார்த்தவன் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குக் கிட்ட, சிவலிங்கம் அண்ணையின் தட்டச்சுக் கடையில் நான் இருந்தேன். அண்ணை எங்கிருந்தோ ஒரு பழைய கொம்பியூட்டரையும் ஊசி அடித்து எழுதும் பிறின்ரரையும் கொண்டுவந்து வைத்தார். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் வெள்ளைத்தாள் கிடையாது. பத்திரிகையே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித்தாளில் வந்த காலம் அது. நாங்களும் கொப்பித்தாளில்தான் அடித்தோம். எழுத்துகள் கோட்டில் வந்து உட்காராவிட்டால் பார்க்கச் சகிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் தமிழ் ஃபொன்ற் என்கிற எழுத்துரு, அதன் அளவு, வரி இடைவெளி, மேல் ஓரம் என்று எல்லாவற்றையும் முதலில் இருந்து மாற்றுவேன். அதற்குள் அண்ணை கத்தத் தொடங்கிவிடுவார்.

"டேய், நீ உதை நோண்டி முடிக்கிறதுக்குள்ளை எண்ணெய் முடிஞ்சிடும்! ஒருக்காச் செய்தா அதுக்கு விளங்காதோ?"

விளங்கும் என்று ஒரு பின்னேரம் கண்டுபிடித்தேன். டிஃபோல்ற் என்றொரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால், பிறகு எந்தப் புதுத் தாளைத் திறந்தாலும் நாம் கேட்காமலே அதே எழுத்தும் அதே இடைவெளியும் வந்து நிற்கும். தமிழ் ஃபொன்றையும் கொப்பித்தாள் இடைவெளியையும் டிஃபோல்ற் ஆக்கினேன். எழுத்துகள் கோட்டில் வரிசையாகக் குந்தின. அண்ணை அன்று தன் காசில் எனக்கு வடை வாங்கித் தந்தார். கொம்பியூட்டரைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்ற நடப்பில் ஒரு கிழமை திரிந்தேன்.

2

அந்தக் கிழமை முடியமுன் உடுவிலில் இருந்து மனோன்மணி அக்கா வந்தார். கணவர் கனடாவில். கொழும்பில் எம்பசி இன்ரவியூ. தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் பின்னேர பஸ்ஸில் கிளாலிக்குப் போய், கடனீரேரியைக் கடக்கப் படகேற வேண்டும். கையில் பொலித்தீனில் சுற்றிய ஒரேயொரு வெள்ளைத்தாள். தெரிந்த ரீச்சர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை அதில் வடிவாக அடித்துத் தரவேண்டும்.

"தம்பி, பிழை விடாமல் அடிச்சுத் தாங்கோ. வேறை தாள் இல்லை."

"அக்கா, என்னட்டைத் தந்திட்டியள்தானே, பேசாமல் இருங்கோ" என்றேன்.

நான் தட்டச்சில் வளர்ந்தவன். கண் மூலப்பிரதியில், விரல் பொத்தானில். திரையை நிமிர்ந்து பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்பது என் கொள்கை. மழை கொட்டியமாதிரி அடித்து முடித்து, நெட்டி முறித்து, கடைசியில்தான் நிமிர்ந்தேன். நான் வைத்த டிஃபோல்ற்றின் புண்ணியத்தில் திரை முழுக்கத் தமிழ் எழுத்துகள். 'ஞூ', 'ணெ', 'ழ்', 'ழ்' என்று ஒரு சொல்லும் உருப்படியாக இல்லை.

"அக்கா, நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே?"

"நான் நினைச்சன், முதல் தமிழிலை போய், உள்ளுக்கை வெந்து, பிறகுதான் இங்கிலீசா வரும் எண்டு."

அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? ஃபொன்றை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். ஒரு நொடியில் எல்லாம் சரியாகிவிட்டது. "பாத்தியளே?" என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். வெள்ளைத்தாளைச் செருகிப் பிறின்ற் கொடுத்தேன்.

ஃபொன்றை மாற்றிய மடையன் இடைவெளியை மாற்றவில்லை. கொப்பித்தாள் கோட்டுக்குச் செய்த அகலத்தில் வரிகள் நின்று நிதானமாக இறங்கின. தாள் முடிந்தது, கடிதம் முடியவில்லை. கடைசிப் பந்தியையும் கையெழுத்து இடத்தையும் பிறின்ரர் வெறும் உருளையில் டக்கு டக்கென்று அடித்தது. நிற்பாட்டப் பொத்தானைத் தேடுவதற்குள் அது தன் கடமையை முடித்துவிட்டது.

அக்கா தாளைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"மிச்சத்தைக் கொப்பித்தாளிலை அடிச்சுத் தரட்டே அக்கா?"

"எம்பசிக்குக் கொப்பித்தாளோ? விசர்க்கதை கதையாதையும்!"

அண்ணை வந்து பார்த்தார். என்னை முறைத்த முறைப்பை இப்போதும் மறக்கவில்லை. "பின்பக்கத்திலை அடிக்கேலாது, ஊசி குத்தின அடையாளம் தெரியும். பிள்ளை, ஓரத்திலை கையெழுத்தை வையுங்கோ" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்தார். "கீழை என்ன கிடந்தது? தமிழிலை சொல்லும்."

மூலப்பிரதியைப் பார்த்துச் சொன்னேன்: "என்ரை மகனுக்கு நாலு வயசு. தகப்பனை அவன் இன்னும் கண்டதில்லை. எங்களை அவரோடை சேர விடுங்கோ."

"அவ்வளவுதானே? அதை நான் வாயாலை சொல்லுறன்."

ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

3

பிள்ளையைக் கூட்டிப் போக அக்கா திரும்பி வந்தபோது கடைக்குள்ளும் வந்தார். நான் மேசைக்குக் கீழே ஒளிக்க இடம் பார்த்தேன்.

"தம்பி, விசா கிடைச்சிட்டுது! எம்பசியிலை இருந்த மனிசன் கடிதத்தை வாசிச்சிட்டு, மிச்சம் எங்கை எண்டு தாளைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தான். பிறகு, உமக்கு என்னதான் வேணும் எண்டு மொழிபெயர்க்கிறவரைக் கொண்டு கேட்டான். சொன்னன்."

சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. விசயம் அதோடு முடிந்திருந்தால் நல்லது. உடுவில் முழுக்க அது ராசியான கடிதம் என்று கதை பரவிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார்கள். "மனோன்மணிக்கு அடிச்ச மாதிரி, கடைசிப் பந்தி வராமல்" என்றார்கள். அது என் பிழை என்று சத்தியம் பண்ணினேன். "இவர் தொழில் ரகசியத்தை மறைக்கிறார்" என்று என்னையே பழித்தார்கள். கடைசியில் அந்தப் பிழையையே ஆங்கிலக் கடிதத்துக்கு டிஃபோல்ற் ஆக்கி வைத்தேன். கீழே வராத பந்தியை ஒவ்வொருவரும் கடைக்குள் நின்று வாயால் சொல்லிப் பழகிப் போனார்கள்.

இளம் பிள்ளைகளுக்கு என் புத்திமதி இதுதான்: டிஃபோல்ற்றை மாற்றமுன், அடுத்ததாக யார் வந்து கதிரையில் இருக்கப் போகிறார் என்று யோசியுங்கள். அடிக்கும்போது திரையைப் பாருங்கள். ராசியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மனோன்மணி அக்காவுக்குப் பிறகு விசா கிடைத்தவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை. கிடைக்காதவர்கள் இன்னொரு வெள்ளைத்தாளோடு வந்தார்கள்.