அத்தியெனோ சிரித்த ஒன்பது விநாடி

கிருபானந்தன் மெல்பேர்னுக்கு வந்து கற்றுக்கொண்ட தொழில் கல்யாண வீடியோ. தாலி கட்டும் காட்சியில் எந்தக் குறை இருந்தாலும் தப்பிவிடலாம். ஒரு பெரியம்மாவின் முகம் விடுபட்டால் மறுநாள் காலையே தொலைபேசி அலறும். சனம் படம் பார்ப்பதில்லை, ஆள் பார்க்கிறது என்பது அவனுக்குப் பத்து வருட அனுபவம்.

கல்யாணம் இல்லாத நாட்களில், அதே நகரின் ஸ்பிரிங்வேல் பகுதியில் ஒரு மாடி அறையில், விஷாலினிக்குப் படத்தொகுப்புச் செய்கிறான். அவள் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவள். சுற்றுச்சூழல் படங்கள் தயாரிக்கிறாள். இந்த முறை கென்யா. காடு அழிவதைப் பற்றிய இருபது நிமிடப் படத்தை, அந்தக் காட்டோரக் கிராமங்களிலேயே, பள்ளி மண்டபங்களில் திரை கட்டிக் காட்டப்போகிறார்கள். வியாழன் மாலைக்குள் படம் அங்கே போய்ச்சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவன் கை ஓரிடத்தில் நின்றது. தலையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பெண், அத்தியெனோ என்று பெயர், தடைசெய்யப்பட்ட காட்டில் மரம் வெட்டிக் கரி சுடுகிறாள். புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்பது விநாடி. அதன்மேல் ஒரு குரல்: "காட்டை அழிப்பவர்கள் தொலைவில் இல்லை."

"விஷாலினி, இந்த மனிசியின்ரை ஊரிலையும் இதைப் போடுவினமோ?"

"அங்கதான் முதல் ஷோ. ஏன்?"

"முகம் தெரியுது."

"தெரியணும்லா! இதுதான் படத்திலேயே பெஸ்ட் ஷாட். ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"படகாலை இறங்கின அண்டைக்கு நானும் ஒரு கட்டு ஃபோர்மிலை கையெழுத்து வைச்சனான். என்ன எழுதியிருந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது."

விஷாலினி சிரித்துவிட்டாள். "சரி, முகத்தை மங்கலாக்கிடுங்க. முடிஞ்சுது."

அதோடு முடியாது என்று அவனுக்குத் தெரியும். படகிலிருந்து அவர்களை இறக்கிய அன்று தொலைக்காட்சிக்காரர் படம் எடுத்தார்கள். முகங்களை மங்கலாக்கித்தான் போட்டார்கள். அந்தச் செய்தி இணையம் வழியாக வவுனியாவுக்கும் போனது. தான் வாங்கிக் கொடுத்த நீலக் கோடு போட்ட சட்டையை வைத்தே அம்மா மகனைக் கண்டுகொண்டாள். சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொன்னாள். அடுத்த வாரம் அவளிடம் விசாரிக்க வந்த பொலிஸாரின் கையிலும் அதே சட்டையின் படம் இருந்தது.

அவனுடைய விசா இன்னும் தற்காலிகம்தான். இந்த வேலையோடு விளையாடும் நிலையில் அவன் இல்லை. என்றாலும் சொல்லி முடித்தான்.

"அங்கை ஆர் காட்டைப் பாக்கப்போகினம்? 'உது எங்கடை அத்தியெனோவல்லோ' எண்டுதான் பாப்பினம். விடிஞ்சா காட்டு அதிகாரிமார் வாசலிலை நிப்பினம்."

"கல்யாண வீடியோக்காரர் மாதிரியே பேசுறீங்க."

"ஓம். சனம் எங்கையும் சனம்தானே."

விஷாலினி போனை எடுத்தாள். அந்தப் பெண்ணையே கேட்டுச் சொல்லும்படி கென்யாவில் படத்துக்கு உதவிய தொண்டரிடம் சொன்னாள்.

புதன்கிழமை பதில் வந்தது. அத்தியெனோ திகைத்துப்போனாளாம். வெளிநாட்டில் காட்டத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தாளாம். "தூரத்து ஆட்களுக்குத்தான் சிரித்தேன், ஊருக்கு இல்லை. எடுத்துவிடுங்கள்" என்றாளாம்.

ஒன்பது விநாடியும் போனது. அந்த இடத்தில், ஆளில்லாமல் புகைந்துகொண்டிருந்த கரிமேட்டை வைத்தான். குரலையும் விஷாலினி மாற்றி எழுதினாள்: "இந்தக் கரி நம் எல்லோர் அடுப்பிலும் எரிகிறது." படம் நடுவில் கொஞ்சம் தொய்ந்துதான் போனது. அதை அவள் இரண்டு தரம் சொல்லியும் காட்டினாள்.

மூன்றாம் வாரம், முதல் திரையிடலைத் தொண்டர் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். விஷாலினி அதில் திரையைப் பார்த்தாள். கிருபானந்தன் ஆட்களைப் பார்த்தான். சட்டென்று நிறுத்தினான்.

"மூண்டாம் வரிசை. அவதான்."

"முகமே தெரியலையே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதே மஞ்சள் துணி."

மறுபடி ஓடவிட்டான். திரையில் கரிமேடு புகைந்தது. மஞ்சள் துணிக்காரி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்; இருவரும் சிரித்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.