அரக்கனைக் கொன்றவன் வீட்டுக்கு வரணும்ல?

இந்திராணி அக்காவின் புது நாவலுக்கு அட்டைப்படம் வரைந்துகொண்டிருந்தபோதுதான் பாபநாசத்திலிருந்து அவர் கணவர் சேகர் சார் போன் செய்தார். "உங்க அக்கா போயிட்டா தம்பி" என்றார்.

நீலன் கதைகளைப் படித்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். ஆற்றிலிருந்து ஏறிவரும் அரக்கர்களை வேட்டையாடுகிறவன் நீலன். கொன்றுவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான். மகள் ஓடிவந்தால் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்வான்.

பதிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. சண்டை முடிந்ததும் கதையை முடித்துவிடுங்கள், அழுமூஞ்சி வீரனை யார் படிப்பார்கள் என்று சலித்துக்கொண்டார். அக்கா எதற்கும் விட்டுக்கொடுப்பவர். இதில் மட்டும் உடும்புப்பிடி. "கொன்னதோட கதை முடிஞ்சிடாதுங்க. அவன் வீட்டுக்கு வரணும்ல?" என்றார்.

நீலனை முதலில் நான் முறுக்கு மீசையும் விரிந்த மார்புமாக வரைந்து எடுத்துப் போனேன். அக்கா சிரித்துவிட்டார். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கணவரைக் காட்டி, அந்தக் கையைப் பார்த்து வரையச் சொன்னார். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த சேகர் சார், காவிரியில் தண்ணீர் திறந்துவிடும் காலங்களில் மூழ்கியவர்களைத் தேடி எடுத்தவர். ஒருமுறை சின்னப் பிள்ளை ஒன்றின் உடலை எடுத்துவந்த பிறகு, தலைமுழுகியும் தன் மகளைத் தொட மறுத்துவிட்டாராம். ஊரே அவரை வீரன் என்று மெச்சியது. அவரோ மகளைத் தூக்குவதையே விட்டுவிட்டார். "என்ன நடந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். அவரா சொல்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார் அக்கா. அவராகச் சொன்னாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

புது நாவலில் நீலன் மகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். அந்த அத்தியாயத்தை எழுத உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை எனக்கு.

கொள்ளி வைத்தது சேகர் சார்தான். குடமுருட்டி ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பிய எல்லோரும் வழக்கப்படி வீட்டுக்குள் எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவர் மட்டும் ஈர வேட்டியோடு தெருவிலேயே நின்றார். உறவினர்கள் கூப்பிட்டும் அசையவில்லை. மகள் இறங்கி வந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா, இந்தக் கை..."

"தெரியும்ப்பா. வாங்க."

அவள் விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் மகளின் தோளில் முகம் புதைத்து அழுதார்.

இனி யாருடைய கதைக்கு வரைந்தாலும், சண்டை முடிந்ததும் அந்த மனிதன் எங்கே போனான் என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.