செயலகத்துக்கு எதிரே ஒரு திவான்

மட்டாஞ்சேரியில் குப்பை அள்ளும் நாங்கள், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்குப் போனோம். வெள்ளைத் தூண்களோடு ராஜா காலத்தில் கட்டிய மாளிகை அது. எதிரே ஒரு திவானின் சிலை. கும்பகோணத்தில் பிறந்து இங்கே வந்து அதிகாரம் செய்தவர் என்று எங்கள் சங்கத்துச் சேச்சி சொன்னார். அந்தத் திவானின் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்தச் சந்திப்பையே 'ஸ்டேச்சு' என்றுதான் சொல்கிறார்கள்.

போலீஸ் தடுப்பைத் தள்ளியதும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். நெஞ்சில் செங்கல்லை எறிந்த மாதிரி இருந்தது. விழுந்தவர்கள் மேல் லத்தி இறங்கியது. சேச்சியின் மண்டை உடைந்து, நனைந்த சேலையெல்லாம் ரத்தம் பரவியது. அவரை இழுத்துக்கொண்டு சிலைப் பக்கம் ஓடினேன். துரத்தி வந்த போலீஸ்காரன் என் முட்டியில் அடித்தான். வலியில் தமிழில் கத்திவிட்டேன்.

"பாண்டிக்கு இவிடெ எந்தா காரியம்? நாட்டுக்குப் போடா."

பாண்டி என்பது தமிழனுக்கு இங்குள்ள வசவு. நான் பிறந்ததே மட்டாஞ்சேரியில். அவனுடைய லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னேன்.

"சேட்டா, மேல பாரு. அந்தத் திவானும் பாண்டிதான். முதல்ல அவர அடி."

அவன் நிஜமாகவே அண்ணாந்து பார்த்தான். பிறகு லத்தியைப் பிடுங்கி என் வாயிலேயே போட்டான்.

மறுநாள் அந்த இடத்தைக் கூட்டியவர்கள் என் முன்பல்லையும் சேர்த்து அள்ளியிருப்பார்கள். அவர்களும் பாண்டிகளாகத்தான் இருப்பார்கள்.