இருபத்துமூன்று எழுத்துகள்

கொக்குவில் அரியரத்தினம் ஆஸ்திரேலியாவில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: காலிசிய மொழியின் எழுத்துகளும் அவற்றின் உச்சரிப்பும். அதையும் கற்காமல் விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். 1973இல் மெல்பேர்ணுக்கு வந்து சான்றிதழ்களை நீட்டியபோது, மேசைக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர் அவற்றைப் பக்குவமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டும் வேலை கிடைத்தது. அங்கே எல்லாருக்கும் அவர் 'ஆரி'. முழுப் பெயரையும் சொல்லிப் பார்க்க முயன்ற ஒரே ஆள், பக்கத்தில் நின்று வேலை செய்த மனுவேல்.

மனுவேல் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் காலிசியாவில் மீன் பிடித்தவர். ஐம்பது வயது, எழுத்தறிவு இல்லை. மனைவி கார்மேயும் மகள் சபேலாவும் ஊரில் இருந்தார்கள். சபேலா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. ஸ்பானிய மொழியில் எழுதாமல், வீட்டில் பேசும் காலிசிய மொழியிலேயே அப்பாவுக்கு எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசியதற்காக மனுவேலின் தலைமுறை அடி வாங்கியிருந்தது. மகளுக்கு வீம்பு என்று மனுவேல் பெருமையோடு சொல்லுவார்.

அந்தக் கடிதங்களை வாசித்துக்காட்டத்தான் ஆள் இல்லை. தொழிற்சாலையில் இருந்த ஒரு ஸ்பானியரிடம் ஒருமுறை கொடுத்தார். அந்த மனிதர் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரித்துச் சிரித்து வாசித்தார். அதோடு நிற்காமல், கார்மேக்கு நெஞ்சு வருத்தம், இருதய நோய் என்பதையும் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எல்லார் காதிலும் போட்டுவிட்டார்.

அப்போதுதான் மனுவேலுக்கு அந்த யோசனை தோன்றியது. உச்சரிக்க மட்டும் தெரிந்து, பொருள் தெரியாத ஒருவர் வாசித்தால், கேட்கிறவருக்கு விளங்கும், வாசிக்கிறவருக்கு விளங்காது. குடும்ப விஷயம் குடும்பத்தோடு இருக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் இதைக் கேட்டபோது அரியரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி ரஞ்சினி ஊரிலிருந்து எழுதும் கடிதங்களைக் கழிவறைக்குள் பூட்டிக்கொண்டு வாசிக்கிறவர் அவர்.

போதாக்குறைக்கு அது அவருக்குப் பழகிய வித்தை. சின்ன வயதில் கோயில் வகுப்பில் சமஸ்கிருத சுலோகங்களை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் மனப்பாடம் பண்ணி, ஓதும் போட்டியில் முதற்பரிசாகச் செம்பு வாங்கியவர். சத்தம் சுத்தமாக இருந்தால் போதும், பொருள் சாமிக்குத் தெரியும் என்றுதான் அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் மனுவேலின் அறையில் பாடம் நடந்தது. அப்பா எழுத்துப் பழகட்டும் என்று சபேலா ஓர் அட்டை அனுப்பியிருந்தாள். இருபத்துமூன்று எழுத்துகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம். மனுவேல் எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லுவார். அரியரத்தினம் அதைத் தமிழில் எழுதிக்கொள்ளுவார். ஜன்னல் படத்துக்கு 'ஷனேலா'. நாய்ப் படத்துக்கு 'காங்'. ஆங்கிலேயர் எக்ஸ் என்று சொல்லும் எழுத்து இங்கே 'ஷ'. தலையில் நெளிகோடு இல்லாத 'என்' எழுத்து சில இடங்களில் 'ங'. அரிச்சுவடியில் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்த ஙவுக்கு உலகத்தின் அந்தக் கோடியில் உத்தியோகம் கிடைத்ததைக் கண்டு வாத்தியாருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிழை விட்டால் மனுவேல் கடிந்துகொள்ள மாட்டார். 'ஓவ்த்ரா பெஸ்' என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். அட்டையிலிருந்த சொற்களை விட்டால், அந்த மொழியில் அரியரத்தினம் பொருள் தெரிந்து வைத்திருந்தது அநேகமாக அது ஒன்றைத்தான். எல்லாம் வசப்பட்டும் இரட்டை ரகரம் மட்டும் வசப்படவில்லை. நாக்கு நுனி அண்ணத்தில் படபடவென்று அடிக்க வேண்டும். அவருடையது ஒரு தரம் தட்டிவிட்டுப் படுத்துவிடும். ரப்பர் ஒட்டும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் மாதக்கணக்கில் உறுமிப் பழகினார்.

இதைக் கேள்விப்பட்ட விக்னராஜா, நகரத்தில் கணக்காளராக இருந்த ஊர்க்காரர், ஒருநாள் நேரிலேயே கேட்டார்.

"உமக்கென்ன விசரோ? விளங்காமல் வாசிக்கிறதுக்கு ஒரு கிளிப்பிள்ளை போதுமே."

"மந்திரம் சொல்லுற ஐயர்மார் எல்லாருக்கும் பொருள் தெரியுமோ?" என்றார் அரியரத்தினம். "கேக்கிற ஆளுக்கு விளங்கினாச் சரி."

கேட்கிற ஆளுக்கு விளங்கத்தான் செய்தது. 1974 கடைசியில் வந்த ஒரு கடிதத்தை வாசித்து முடித்தபோது மனுவேல் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். குடிவரவுத் தாள்கள் சரியாகிவிட்டன, மார்ச்சில் கார்மேயும் சபேலாவும் வருகிறார்கள் என்று பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். கார்மே வந்துவிட்டால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். இருவருமாகப் போய் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பார்த்தார்கள். கட்டிலையும் குசினி மேசையையும் நான்கு கதிரைகளையும் அரியரத்தினம் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். நாலாவது கதிரை யாருக்கு என்று கேட்டதற்கு, உனக்குத்தான் என்றார் மனுவேல். ஆஸ்திரேலியாவில் அவருக்கென்று ஒருவர் இடம் ஒதுக்கியது அதுதான் முதல் தடவை.

பெப்ரவரி நடுவில் அடுத்த கடிதம் வந்தது. நல்ல வெயில். புது மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மனுவேல் சவரம் செய்து, பயணத் தேதியைக் கேட்கும் ஆவலில் இருந்தார். அரியரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, போட்டி மேடையில் நிற்கிறவரைப் போல நிமிர்ந்து தொடங்கினார். இரண்டாவது வரியில் அந்த இரட்டை ரகரம் வந்தது.

"மொர்ரெவ் ஓ லுன்ஸ் போலா மஞ்ஞா."

நாக்கு படபடவென்று அடித்தது. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகச் சுத்தமான சத்தம். கடைசிச் சொல்லின் ஞகரமும் தேனாக விழுந்தது. அவர் மெச்சுதலுக்காகத் தலையை நிமிர்த்தினார்.

மனுவேல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓவ்த்ரா பெஸ்" என்றார்.

எங்கோ பிசகிவிட்டது என்று நினைத்து அரியரத்தினம் திரும்ப வாசித்தார். ரகரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினார்.

"ஓவ்த்ரா பெஸ்."

மூன்றாவது தடவையும் வாசித்தார். நான்காவது தடவை, பாவி மனிதர், ஒரு இராகமே சேர்த்தார். அதற்குப் பிறகு மனுவேல் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த வரியில் விரலை வைத்தார்.

"இப்போது சரி," என்றார் ஆங்கிலத்தில். "மிக நன்றாகச் சொல்கிறாய். என் மனைவி. திங்கட்கிழமை காலை. செத்துப்போனாள்."

மீதி இரண்டு பக்கத்தை வாசிக்கச் சொல்லி மனுவேல் கேட்கவில்லை. வாசிக்கட்டுமா என்று கேட்க அரியரத்தினத்துக்கும் துணிவில்லை. சபேலாவும் வரமாட்டாளாம் என்பது பின்னால் வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஏப்ரலில் மனுவேல் வீட்டை விட்டுவிட்டு, வேலை தேடிக் குயின்ஸ்லாந்து பக்கம் போய்விட்டார். போகிற அன்று கை கொடுத்தார். விலாசம் கொடுக்கவில்லை.

அரியரத்தினம் தமிழில் எழுதிவைத்த அந்தக் கொப்பியைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மனப்பாடமானதை எங்கே போடுவது? இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது நாக்கு தானாக அந்த வரிக்குப் போய்விடும்.

தீபாவளிக்கு விக்னராஜா வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் விக்னராஜா அவரை எழுப்பி நடுவில் நிறுத்தினார்.

"மாஸ்ரர், அந்த ஸ்பெயின் பாஷையில ரெண்டு வரி சொல்லிக் காட்டும் பாப்பம்."

அவர் மறுத்துப் பார்த்தார், விடவில்லை. ஜன்னல், நாய் என்று அட்டையிலிருந்த சொற்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வந்தது அந்த வரி. ரகரம் அட்சரசுத்தமாக உருண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். எவ்வளவு இனிமையான பாஷை, பாட்டு மாதிரி இருக்கே என்றாள் விக்னராஜாவின் மனைவி யோகராணி.

"என்ன பொருள் மாஸ்ரர்?"

"தெரியாது," என்றார் அரியரத்தினம்.

"ஒருக்கால் திரும்பச் சொல்லுங்கோ," என்று கேட்டார்கள். சொன்னார்.