கடலைத் தேடி சாத்தனூருக்கு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லப்பைக்குடிக்காட்டிலிருந்து வேன் கிளம்பியது. உள்ளே நான்காம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களுடைய வாத்தியாரான நான். சாத்தனூர் கல்மரம் பார்க்கப் போகிறோம். பல கோடி வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்று முதல் நாளே அளந்துவிட்டிருந்தேன்.

குன்னம் தாண்டியதும் சஃபியா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும்ல சார்? நம்ம வெள்ளாறு வத்துனாலும் குட்டையில தண்ணி கெடக்குமே. அத்தாகிட்ட போன்ல கடலைக் காட்டுறேன்னு சொல்லிட்டேன்."

அவளுடைய அப்பா துபாயில் இருக்கிறார். ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது. இவள் கடலையே பார்த்ததில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போய்ப் பார்ப்போம்மா" என்று சமாளித்தேன்.

ஒன்பதரைக்குச் சாத்தனூர். வேலிக்குள் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது மரம். கடலடியில் புதைந்து கல்லாகிப்போன மரம். பக்கத்து ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கடல் இருந்துச்சுன்னா உப்பு இருக்கணும்ல?" என்று ஒருவன் ஓடைக் கல்லை எடுத்து நக்கினான். அவ்வளவுதான், வகுப்பே கல்லை நக்க ஆரம்பித்துவிட்டது. அதட்டப் போன எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் டிராக்டரில் இங்கே வந்தபோது நாங்களும் இதையேதான் செய்தோம். எங்கள் சார் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கூட்டாளிகள் ஒருவர்கூட இப்போது ஊரில் இல்லை. அவர்களை எல்லாம் ஒருமுறை பார்க்கவேண்டும் போல் இருந்தது.

சஃபியா மட்டும் ஒவ்வொரு கல்லாக நக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். "கரிக்கவே இல்ல சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மதியம் அவளுடைய தேங்காய்ச்சோறு தொடப்படாமல் இருந்தது. மனசு கேட்காமல் அவள் அத்தாவுக்கு வீடியோ கால் போட்டேன். நல்ல வேளை, அவருக்கு அன்று லீவு.

"அத்தா, கடல் இங்க இல்ல. போயிடுச்சாம்."

அவர் சற்று யோசித்தார். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. வெகுநேரம் நடந்து, போனைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்க நீலம்.

"இங்கதாம்மா வந்து கெடக்கு, அத்தா மாதிரியே."

அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வர்றப்ப ரெண்டு பேரும் ஒண்ணா வந்துடுங்க அத்தா" என்றாள். அவர் போனை இன்னும் அலைக்கு அருகே கொண்டுபோனார். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மணிக்குத் திரும்பினோம். வேன் மெயின் ரோட்டில் ஏறியதும் சஃபியா என் சட்டையை இழுத்தாள்.

"சார், கடலுக்கு இங்க வர வழி தெரியும்ல?"

"முன்னாடி இருந்த ஊருதானேம்மா" என்றேன். "மறந்திருக்காது."